மூன்று மஞ்சள் பைகள்

அன்புள்ள வித்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா?

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். நான் நாலு வரி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

போன மாதம் வீடியோவில் பேசினாயே, அப்போது உன் பின்னால் அடுக்களையில் மூன்று மஞ்சள் குப்பைப் பைகள் கட்டி நின்றன. "நாலு மாடி இறங்கணும்பா, சேத்து ஒரு நாள் எடுத்துட்டுப் போவேன்" என்றாய். 2019இல் நாங்கள் ஜெர்மனிக்கு, உன் ஸ்டுட்கார்ட் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருந்தபோது அந்தப் பை ஒருநாளும் அடுக்களையில் தங்கியதில்லை. நிறைந்த அன்றே மாப்பிள்ளை கீழறையில் கொண்டு வைத்துவிடுவார். மூன்றையும் ஒரே தடவையில் தூக்காதே. உனக்கு முதுகுவலி உண்டு. ஒவ்வொன்றாக எடுத்துப் போ. படிக்கட்டு பெருக்கும் முறை வந்தால் வாசலில் ஓர் அட்டை மாட்டுவார்களே, அந்த வாரம் இப்போது யார் பெருக்குகிறார்கள்?

அங்கே நான் கற்றுக்கொண்டதை இன்னும் மறக்கவில்லை. காலி பிளாஸ்டிக் பாட்டிலை மிஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், மாப்பிள்ளையின் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். அந்த 8 சென்ட் பாட்டில்களை என் கண்ணில் படாமல் கடைக்கு எடுத்துப்போக அவர் பட்ட பாடு! ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஊறுகாய்ப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் டமார் என்று போட்டதும், எதிர் ஜன்னலைத் திறந்து ஒரு பாட்டி வைத வசவு இன்னும் காதில் இருக்கிறது. வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துத்தான் போட்டேன். அதற்கு ஒரு பாராட்டு கிடையாது.

இங்கேயும் பிரித்துத்தான் கொடுக்கிறேன். மக்கும் குப்பை பச்சை வாளியில், மற்றது நீல வாளியில். எதிர்வீட்டுக்காரர் சிரிக்கிறார். "அங்க போய் ஒண்ணாத்தான் சார் கொட்டுவாங்க." நான் குப்பை வண்டி ஓட்டி வரும் பெண்ணிடமே கேட்டேன். "நீங்க பிரிச்சுக் குடுத்தா என் கை நாறாது சார், அவ்வளவுதான்" என்றாள். யாரோ உடைந்த டியூப்லைட்டைச் சோற்றுக்குப்பையில் போட்டு, அவள் உள்ளங்கை கிழிந்து மூன்று தையல். அதிலிருந்து கண்ணாடி எதுவானாலும் பேப்பரில் சுற்றி, மேலே எழுதித் தனியாகக் கையில் கொடுக்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். உனக்குச் சின்ன வயதில் பென்சில் சீவியதைக்கூடத் தரையில் போடாதே என்று சொன்னவன் நான்தான். இப்போது நீ மூன்று பையைச் சேர்த்து வைத்திருக்கிறாய்.

சரி, அம்மா விஷயம். போன வெள்ளிக்கிழமை சீர்காழி பக்கம் யாரோ குறி சொல்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு மாமியோடு போய் வந்தாள். "கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு மனசு சரியில்லை" என்றார்களாம். அழுதுகொண்டே வந்தாள். மாயவரத்தில் ரெண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் பிள்ளை கடல் தாண்டித்தான் இருக்கிறது, அதில் எந்தப் பிள்ளைக்கு தினமும் மனசு சரியாக இருக்கும், இதைச் சொல்ல எதற்கு ஐந்நூறு ரூபாய் என்று கத்தினேன். இப்போது வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் மறுபடி நாடி ஜோசியம் பார்க்கலாம் என்கிறாள். கோயிலுக்கு வேண்டுமானால் போவோம், குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வருவோம், வேறு எங்கும் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நாடி, ஜோசியம் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

"மறுபடி" என்று அம்மா சொன்னதை நீ கவனித்திருப்பாய். நாடி பார்த்தது 2014 ஐப்பசியில். போனது அம்மா இல்லை, நான். ஓலையைத் தேட, பெண்களுக்கு இடது கட்டைவிரல் ரேகை வேண்டும். இன்சூரன்ஸ் பாரம் என்று சொல்லி உன்னிடம் மை தொட்டு வாங்கினேன். "கையெழுத்து போடத் தெரிஞ்சவளுக்கு எதுக்குப்பா ரேகை?" என்று சிரித்தாய். ஞாபகம் இருக்கிறதா?

அலமாரியை ஒழித்தபோது, நாடி பார்த்த அன்று தந்த நாற்பது பக்க நோட்டும் சி.டி.யும் கிடைத்தன. நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். சி.டி.யை எதில் போடுவது என்று தெரியாமல் பழைய பிளேயரில் போட்டுக் கேட்டேன். நாடி படித்த ஆள் ரெக்கார்டரை முதலிலேயே அமுக்கிவிட்டிருக்கிறார். ஓலையை எடுத்து, இது சரியா, அது சரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இல்லை என்றால் அடுத்த ஓலை. அவர் பாதி கேட்பதற்குள் என் குரல் முந்திக்கொண்டு சொல்கிறது: "பொண்ணுக்கு இருபத்தஞ்சு, மாப்பிள்ளை வீட்ல தைக்குள்ள முடிக்கணும்ங்கிறாங்க, இவ ஒரு வருஷம் டைம் கேக்கிறா." அரை மணி நேரம் கழித்து ஓலையில் கல்யாணத்துக்கான ஏழாம் காண்டத்தில் அகத்தியர் சொல்கிறார், தை மாதம் விவாகம், தவறினால் முப்பத்து மூன்று வயது வரை தடை. அதற்குப் பரிகாரம் சாந்திக் காண்டத்தில், தனிக் கட்டணம்.

அகத்தியர் எதையும் சொல்லவில்லை வித்யா. நான் கொடுத்ததை எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கே அது எனக்குக் கொஞ்சம் தெரியும், அதுதான் அசிங்கம். பஸ் டைம் ஆபீசில் முப்பது வருஷம் டிரைவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டவன், எனக்கா தெரியாது? ஆனால் வீட்டுக்கு வந்து உன்னிடம், "ஓலையிலேயே வந்திருக்கும்மா, அப்பா என்ன செய்ய" என்றேன். நீ பதில் பேசவில்லை. மறுநாள் காலை சரி என்றாய். ஒரு வருஷம்தான் கேட்டாய். நான் என் வாயால் முடியாது என்று சொல்லியிருந்தால் நீ சண்டையாவது போட்டிருப்பாய்.

இது அம்மாவுக்குத் தெரியாது. பார்த்தது தெரியும், உன்னிடம் ரேகை வாங்கின விதம் தெரியாது.

மாப்பிள்ளை நல்லவர். நான் அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் வேலை மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறார் என்றால் அதைச் சொல். வேறு எதுவானாலும் அதையும் சொல். டிக்கெட் போடுவதானால் ஒருவருக்கோ இருவருக்கோ, எப்படியானாலும் மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

அந்த சி.டி. இன்னும் மேஜைமேல் கிடக்கிறது. வண்டிக்காரப் பெண் இது எங்களுக்கு ஆகாது சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். உங்கள் ஊரில் அதை எங்கே கொடுப்பார்கள் என்று தெரிந்தால் சொல். கட்டைவிரல் அனுப்பாதே, போன் பண்ணு. உனக்கு வேலை முடிகிற நேரம் இங்கே ராத்திரி பத்து ஆனாலும் பதினொன்று ஆனாலும் நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பையை ஒவ்வொன்றாக எடுத்துப் போ.

அன்புடன்,
அப்பா