ஒரே வீட்டில் மூன்று மாவட்டங்கள்: பிரிப்போருக்கும் சேர்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

அரியலூரின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசாணைகளெல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தபோது நாங்களும் அதோடு போனோம். 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச்சில் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தீர்கள். 2007 நவம்பரில் மறுபடியும் பிரித்தீர்கள்.

ஜெயங்கொண்டம் பக்கம் எங்கள் தெருவில் ஒரு குடும்பம். நான்கு பிள்ளைகள், எல்லாரும் அந்த ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள். பிறப்புச் சான்றிதழில் மூத்தவன் திருச்சி மாவட்டம், அடுத்தவள் பெரம்பலூர், 2001-ல் பிறந்தவன் அரியலூர், 2004-ல் பிறந்த கடைக்குட்டி மீண்டும் பெரம்பலூர். அவள் விண்ணப்பத்தோடு ஓர் அலுவலகத்துக்குப் போனால், குடிபெயர்ந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். குடும்பம் எங்கே பெயர்ந்தது? மாவட்டம் அல்லவா பெயர்ந்தது! அண்ணன் சான்றிதழையும் சேர்த்துக் காட்டியதில் சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது.

கேட்பது ஒன்றுதான். எந்தக் கிராமம் எந்த ஆண்டில் எந்த மாவட்டத்தில் இருந்தது, ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அதன் மக்கள்தொகை என்ன என்று முத்திரையிட்ட ஒரு பட்டியலை வெளியிடுங்கள்.

மக்கள்தொகையை ஏன் இழுக்கிறேன்? 2001 கணக்கெடுப்பில் அரியலூர் தனி மாவட்டம்: 6,95,524 பேர். எண்ணி முடித்த மறு ஆண்டே அந்த மாவட்டம் இல்லை. 2011-ல் 7,54,894. மாநிலம் பதினைந்தரை விழுக்காடு வளர்ந்த பத்தாண்டில் நாங்கள் எட்டரை. இங்கே வெட்டும் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி ஊர் ஊராகக் கட்டடமாகிறது. பிள்ளைகளும் அதே வழியில் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். பத்தில் ஒன்பது பேர் கிராமத்தில் வாழும் மாவட்டத்துக்குத் தலைமையிடம், பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. வேலை எப்போது வரும் என்று எந்த அரசாணையிலும் காணோம்.

போகட்டும், அது வேறு மடலுக்கு உரியது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியும்வரை மாவட்ட எல்லைகளைத் தொடக்கூடாது என்பது விதி. ஆகவே பிரிக்கவும் சேர்க்கவும் முடியாத இந்த ஓய்வு நாட்களில், தயைகூர்ந்து அந்தப் பட்டியலை மட்டும் வெளியிடுங்கள். பழைய திருச்சி மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளிலிருந்தே தொடங்கலாம். பட்டியலோடு வருபவரிடம் வேறு சான்று கேட்கக்கூடாது என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். கடைக்குட்டியின் விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தற்போதைக்கு அரியலூர் மாவட்டத்தில் வசிக்கும் ஒருவன்