கடையில் கிடைக்காத கார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று கார்களின் விவரமும் வந்தது. எதை வாங்கலாம் என்று ஒரே வரியில் சொல்லச் சொல்லியிருந்தாய். மூன்றையும் அருகருகே எழுதிவைத்துப் பார்த்தேன். முதல் காரின் சீட், இரண்டாவதன் இன்ஜின், மூன்றாவதன் டிக்கி என்று மனம் பிய்த்துப் பிய்த்து எடுத்தது. சிறிது நேரத்தில் மூன்றையும் ஒதுக்கிவிட்டு உலகத்துக் கம்பெனிகள் எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டேன். உனக்கு ஒரு கார் தயார். எந்தக் கடையிலும் கிடைக்காது, அது ஒன்றுதான் குறை.

முதலில் பிரேக். நம் பழைய வெள்ளைக் கார் உனக்கு நினைவிருக்காது. ஒரு மழை நாள், நீ பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன், சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டேன், வண்டியோ அதைச் சட்டை செய்யாமல் நேராகவே வழுக்கிக்கொண்டு போகிறது. லாரியின் பின்விளக்குக் கண்ணாடியில் இருந்த கீறல் தெரியும் தூரத்தில் போய் நின்றது. நீ புரண்டுகூடப் படுக்கவில்லை. சக்கரத்தைப் பூட்டவிடாமல், நொடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கை மெர்சிடிஸ் பென்ஸ், பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து 1978-லேயே எஸ் கிளாஸ் காருக்குக் கொண்டுவந்திருந்தது. அது நம் வீட்டு வண்டி வரைக்கும் வந்து சேரவில்லை. இப்போது எல்லாக் காரிலும் இருக்கிறதே என்பாய். இருக்கட்டும். என் பட்டியலில் அதுதான் முதலில்.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட் வோல்வோவினுடையது. 1959-ல் அதை வடிவமைத்த நில்ஸ் போலின், அதற்கு முன் விமானியை விமானத்திலிருந்து வெளியே தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். ஆளை எறியத் தெரிந்தவருக்குத்தான் ஆளைப் பிடித்துவைக்கவும் தெரிந்திருக்கிறது! காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வோல்வோ விட்டுவிட்டது. ஆகவே நீ எந்தக் கார் வாங்கினாலும் அதில் ஒரு துண்டு வோல்வோ இருக்கும்.

பொத்தான்களுக்கு மறுபடியும் பென்ஸிடம்தான் போனேன். சீட்டைச் சரிசெய்யும் பொத்தான் கதவில் இருக்கும், ஒரு குட்டிச் சீட்டின் வடிவத்திலேயே. குட்டி முதுகைச் சாய்த்தால் பெரிய முதுகு சாயும். சொல்லித்தர ஆள் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம், விரலுக்கே தெரிந்துவிடும். இப்போது எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் போட்டுப் பூட்டுகிறார்கள். கண்ணாடியில் படிந்த பனியை நீக்க மூன்று திரை தாண்ட வேண்டுமாம். அதற்குள் சாலை எங்கே போயிருக்குமோ! இரவுக்கு மட்டும் சாப் காரிலிருந்து ஒரு பொத்தான் எடுத்தேன். அழுத்தினால் ஓட்டுபவர் முன்னால் இருக்கும் பலகையில் வேகமானி தவிர மற்ற விளக்குகள் அணைந்துவிடும். அந்தக் கம்பெனி 2011-ல் திவாலானது. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

மேடுபள்ளத்தின் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனில்தான் ஆசைப்பட்டுவிட்டேன். 1955-ல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக உலோக உருண்டைகள். உள்ளே ரப்பர் சவ்வுக்கு ஒருபுறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய். பள்ளத்தின் அதிர்ச்சியை வாயு வாங்கிக்கொள்ளும். நிறுத்திவைத்தால் பசு படுப்பது போலத் தரையை ஒட்டித் தாழும்; இன்ஜினை முடுக்கியதும் எழுந்து நிற்கும். 1962-ல் பிரெஞ்சு அதிபர் சார்ல் டி கோலைக் கொல்லச் சுட்டபோது, டயர்கள் கிழிந்தும் அவருடைய டி.எஸ். நிற்காமல் ஓடித் தப்பித்தது.

இன்ஜின் டொயோட்டா பிரியஸ். 1997-ல் வந்த ஏற்பாடு: பெட்ரோல் இன்ஜினும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரே கியர் தொகுதியில் வந்து சேர்கின்றன. சிக்னலில் இன்ஜின் தானே அணைந்துவிடும். இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. டி.எஸ். காரின் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவதே இன்ஜின்தான். இது அணைந்தால் அது? நல்லவேளை, சிட்ரோயனே 2001-ல் சி5 காரில் மின்சாரப் பம்பு வைத்துவிட்டது. பிழைத்தேன்.

அடுத்ததில் பிழைக்கவில்லை. மஸ்தா எம்.எக்ஸ்.-5 காரின் கியர் லீவரை உனக்காகவே எடுத்து வைத்திருந்தேன். மணிக்கட்டை அசைத்தால் போதும், ‘டக்’கென்று விழும். ஆனால் பிரியஸில் கிளட்சும் இல்லை, கையால் மாற்றக் கியரும் இல்லை. இரண்டில் ஒன்றுதான். என் கை மேல் உன் கையை வைத்து நீ கியர் பழகியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு மாலை முழுக்க யோசித்துவிட்டு, லீவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். தினமும் நெரிசலில் இரண்டு மணி நேரம் ஓட்டப்போவது உன் முழங்கால்.

பின்சீட் ஹோண்டா ஜாஸ். பெட்ரோல் டேங்கை முன்சீட்டுக்கு அடியில் கொண்டுபோனதால், பின்னால் உட்காரும் பலகையை மேலே மடக்கலாம். உயரமான பூந்தொட்டியை அப்படியே நிற்கவைத்து எடுத்துப் போகலாம். மின்மோட்டார்களுக்கான பேட்டரியை டிக்கியின் தரைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இந்தக் காரை வரைந்து, படத்தை அம்மாவிடம் காட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஸ்டெப்னி எங்கே?” என்றாள்.

மறந்தே போயிருந்தேன். அதன் இடத்தில்தான் பேட்டரி உட்கார்ந்திருந்தது. இந்த சஸ்பென்ஷனில் ஒரு பின்சக்கரம் இல்லாமலே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்று சமாளித்துப் பார்த்தேன். “என் பெண்ணை மூன்று சக்கரத்தில் அனுப்புவீர்களா?” என்றாள். கடைசியில் டி.எஸ். காரிலேயே விடை இருந்தது. அதில் ஸ்டெப்னி பானெட்டுக்குள், ரேடியேட்டருக்கும் முன்னால் இருக்கும். அங்கேயே வைத்துவிட்டேன்.

உன் மூன்றில் இரண்டாவதை எடு. அதில்தான் ஏ.சி.க்குத் தொடுதிரை இல்லாமல், கையால் திருகும் குமிழ் இருக்கிறது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார். ஸ்டெப்னி இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் திரவப் புட்டியைக் காட்டி இதுவே போதும் என்றால், சரி என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா