திரையில் தெரிவது ஒருநாள் வயிறு

ஆசிரியருக்கு வணக்கம்.

'மூன்றே மாதத்தில் சிக்ஸ் பேக்' என்ற வகைச் செய்தி சினிமா பக்கங்களில் அடிக்கடி வருகிறது. சட்டையில்லாத நாயகன் படம், பயிற்சியாளரின் பேட்டி, தினம் எத்தனை முட்டை என்ற கணக்கு எல்லாம் இருக்கும். படம்பிடித்த நாளுக்கு முந்தைய மூன்று நாள் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது. பத்தொன்பது வயதுப் பையன் அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஜிம்முக்கு வந்து "இப்படி ஆகணும்" என்கிறான். விடுபட்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வயிற்றுத் தசையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் குறுக்கே ஓடும் நார்ப்பட்டைகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. எத்தனை கட்டம், நேரா கோணலா என்பதும் பிறவியோடு வந்ததே. சிலருக்கு நான்குதான் தெரியும். பயிற்சியால் தசை தடிக்கும், கட்டம் கூடாது. ஆணின் உடலில் கொழுப்பு ஏறத்தாழ 10–12 சதவீதத்துக்கு இறங்கினால்தான் அவை தெளிவாக வெளியே தெரியும். தினம் 300 சிட்-அப்ஸ் எடுத்தாலும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

முன்பெல்லாம் நாயகனின் வீரம் சிலம்பத்திலும் வசனத்திலும் இருந்தது, அவர் வயிற்றை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. 2007-இல் 'ஓம் சாந்தி ஓம்' படத்தில் ஷாருக் கானும், 2008-இல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யாவும் சிக்ஸ் பேக்கோடு தோன்றிய பிறகு கதை மாறியது. அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு அந்த உடம்பு ஒரு வேடத்துக்கான தயாரிப்பு என்ற நிலை போய், ஆம்பளை என்பதற்கே அடையாளமாகிவிட்டது.

அந்தக் காட்சி எப்படித் தயாராகிறது என்பதை ஹாலிவுட் நடிகர்கள் சிலர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஹென்றி கேவில் 2019-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கணக்கோடு சொன்னார்: முதல் நாள் ஒன்றரை லிட்டர் தண்ணீர், மறுநாள் அரை லிட்டர், மூன்றாம் நாள் சொட்டுக்கூடக் கிடையாது, நான்காம் நாள் படப்பிடிப்பு. 'பேவாட்ச்' படத்துக்காகச் சிறுநீரைப் பிரிக்கும் லாசிக்ஸ் போன்ற மருந்து எடுத்ததாக ஜாக் எஃப்ரான் 2022-இல் ஒப்புக்கொண்டார். தோலுக்கு அடியில் நீர் வற்றினால் தசை வரியும் நரம்பும் எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான் சூட்சுமம். அந்த மருந்து நீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். நடிகர்களுக்குப் பக்கத்திலேயே மருத்துவர் இருப்பார். பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

இதற்கு மேல் படப்பிடிப்புத் தளத்து வேலை வேறு. ஷாட்டுக்கு முன் தண்டால் எடுத்துத் தசையில் ரத்தம் ஏற்றுவது, வியர்வைக்குக் கிளிசரின் கலந்த நீர், கட்டங்களுக்கு நடுவே நிழல் விழும்படி மேலிருந்து விளக்கு, பள்ளங்களில் அடர்நிற ஒப்பனை, தேவைப்பட்டால் கணினியில் ஒரு திருத்தம். மறுபடி தண்ணீர் குடித்துச் சோறு சாப்பிட்டு இரண்டு நாள் போனால் அந்தக் கூர்மை அவர்களுக்கே இருக்காது.

ஒருநாள் உடம்பை வருடம் முழுக்கத் தாங்க நினைக்கிற பையன் எங்கே போய் நிற்கிறான்? மூன்று மாதத்தில் படத்தில் உள்ளது வரவில்லை. உடனே யாரோ ஒருவர் 'சைக்கிள்' போடச் சொல்கிறார். அதாவது எட்டு முதல் பன்னிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி, கூடவே தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளான டெகா ஊசியோ டயானபால் மாத்திரையோ. ஹார்மோன் குறைபாடு உள்ளவருக்கு மருத்துவர் தருவது வாரம் சுமார் 100 மில்லிகிராம். ஜிம் சைக்கிளில் 500-உம் அதற்கு மேலும் போகிறது. தூக்கம் வராத உற்சாகத்துக்கு மெஃபென்டெர்மின் ஊசி இன்னொரு பக்கம். தண்டுவட மயக்க ஊசியின்போது சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற மருந்து அது. பயிற்சிக்கு முன் போட்டால் அழுத்தம் எகிறும், துடிப்பு தடம் மாறும், பழகிவிட்டால் சந்தேகமும் மனப்பிறழ்வும் வரும். இவையெல்லாம் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகள்.

ஆண்மைக்காகப் போடும் அந்த ஊசி உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பச்சையாகவே சொல்ல வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொட்டியதும், 'இனி சுரக்க வேண்டாம்' என்று மூளையடிச் சுரப்பி, விரைகளைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்கள் இரண்டையும் நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே இறங்கலாம். மிஞ்சிய ஹார்மோனின் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுவதால் மார்பு பெண்களைப் போல வளரும். மருந்தை நிறுத்தினாலும் அது பெரும்பாலும் கரையாது, அறுவைதான் வழி. நல்ல கொழுப்பு விழும், ரத்தம் கெட்டியாகும், இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கும். வளர்ச்சி முடியாத பதினாறு, பதினேழு வயதில் போட்டால் எலும்பு முனைகள் முன்கூட்டியே மூடி உயரமே நின்றுவிடும். நிறுத்தியபின் விந்தணு மீள ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். அந்த இடைக்காலத்துச் சோர்வையும் மனச்சோர்வையும் தாங்காமல்தான் பலர் திரும்ப ஊசிக்குப் போகிறார்கள்.

ஊசியில்லாமல் வளர்வதற்குக் கணக்கு உண்டு. முதல் வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்கு மாதம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தசை கூடினால் பெரிய விஷயம். அதன்பின் இன்னும் மெதுவாகத்தான் கூடும். கொழுப்பு வாரம் அரை கிலோ குறைந்தால் போதும். எடைப்பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். 60 கிலோ பையனுக்கு அது 96 கிராம். நான்கு முட்டையில் 24, நூறு கிராம் வறுகடலையில் சுமார் 20, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25 கிராம் வந்துவிடும். மீதியைப் பாலும் பருப்பும் மீனும் பார்த்துக்கொள்ளும். டப்பா மாவு கட்டாயமில்லை. தசைக்காகப் புரத மாவு வேண்டாம் என்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2024 வழிகாட்டுதலும் சொல்கிறது. மலிவு மாவில் கிளைசின், டாரின் போன்ற நைட்ரஜன் உள்ள மலிவுப் பொருள்களைக் கலந்து ஏமாற்றுவதும் நடக்கிறது. சோதனை நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று காட்டுவதால், அவையும் புரதக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

விளம்பரத்தில் உடம்பைத் திருத்திய படம் என்றால் அப்படிக் குறிப்பிட்டாக வேண்டும் என்று நார்வேயில் 2022 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. நம் பத்திரிகைகளுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பேட்டியில் நான்கு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: எத்தனை நாள் தண்ணீர் குறைத்தீர்கள்? என்ன மருந்து? படத்தில் திருத்தம் உண்டா? படப்பிடிப்பு முடிந்து ஒரு மாதத்தில் எடை எவ்வளவு? பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார் என்றே போடுங்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் எதைப் போட்டோம், எவ்வளவு, எத்தனை வாரம் என்று எழுதிக் கொடுங்கள். டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளோடு இதயத்துக்கான எக்கோ ஸ்கேனும் பார்க்கச் சொல்வார்கள். கடும் பயிற்சி செய்த மறுநாளே ரத்தம் கொடுத்தால் கல்லீரல் நொதிகள் கூடுதலாகக் காட்டும் என்பதால், ஒரு வாரம் பளு தூக்காமல் இருந்துவிட்டுக் கொடுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சினிமா பக்கத்திலேயே வெளியிட்டால், சேர வேண்டிய பையன்களின் கண்ணில் படும்.

உடற்பயிற்சிப் பயிற்றுநர்,
திருச்சி.