கசிவு வேறு, கலங்கல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழில் ஒரு மண் அணையின் படத்தைப் போட்டு, 'அணையில் நீர்க் கசிவு. தூங்கும் அதிகாரிகள்' என்று எழுதியிருந்தீர்கள். அப்படித் தூங்கியவர்களில் நானும் ஒருவன். இருபத்திரண்டு ஆண்டுகள் அணைக்கரையில் நடந்துகொண்டே தூங்கியிருக்கிறேன்.

கசியாத மண் அணை கிடையாது. நடுவே இறுக்கிய களிமண் நீரை மட்டுப்படுத்தும். மீறி வருவதை மணல் வடிகட்டி வாங்கி அடிவார வடிகாலில் விடும். படத்தில் இருப்பது அந்த வடிகால்தான். தங்களுக்குத் தெரியாததா?

கசிவுநீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்போம். தெளிவாக இருந்தால் அளவைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அடியில் ஒரு சிட்டிகை வண்டல் தங்கினால் அன்றிரவு வீடு கிடையாது. அணை தன் மண்ணையே கக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு மழை இரவில் அடிவாரத்து மணல் உலைநீர் போலக் கொப்பளித்தது. அதை அடைக்கக் கூடாது. அடைத்தால் நீர் வேறு வழி பார்க்கும். மணலும் அதன்மேல் சரளையும் பரப்பி, நீரைப் போகவிட்டு மண்ணை நிறுத்தினோம். விடிந்தபோது பாட்டில் தெளிந்திருந்தது. அது செய்தியாக வரவில்லை.

அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் நீர் கண்ணில் பட்டது. ஓட்டையில் மண் தள்ளப் போன புல்டோசர்களையே அது விழுங்கியது. நண்பகலுக்குள் அணை போய்விட்டது.

மூன்றாண்டுகளுக்கு முன் கரைச் சரிவில் மரக்கன்று நட்டவர்களைத் தாங்கள் அரைப்பக்கம் பாராட்டினீர்கள். மரம் பட்டு வேர் மக்கினால் அது நீருக்குச் சுரங்கம். அதையும் அப்போதே எழுதினேன்.

வெள்ளக் காலம் வந்தால் இன்னும் மோசம். முன்கூட்டி நீரைத் திறந்தால் 'வீணாகும் தண்ணீர்'. தாமதித்தால் 'திடீர் திறப்பு'. வெள்ளத்தை வாங்கிக்கொள்ள அணையில் காலியிடம் வேண்டாமா? கான்கிரீட் அணை என்றால் நீர் தலைக்கு மேல் வழிவதைச் சற்றுத் தாங்கும். மண் அணையில் வழிந்த நீர் கரையை அரித்துக்கொண்டே இறங்கும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணையின் மண்கரைகள் அப்படித்தான் போயின. மோர்பி நகரம் மூழ்கியது. தாங்களோ 'அணை நிரம்பியது' என்று பூத்தூவும் படத்தை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. தினமும் வெளியிடும் நீர்மட்டப் பட்டியலில், 'இன்னும் கொள்ளக்கூடிய அளவு' என்று ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அணைப் பணியாளர்

பி.கு.: சென்ற முறை என் கடிதத்தில் 'கசிவு' என்பது ஐந்து இடங்களிலும் 'கழிவு' என்று அச்சாகியிருந்தது. இம்முறை பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.