நட்சத்திர வீரரை நீக்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய வீரர் ஒருவர் முறுக்கிக்கொள்ளும்போதெல்லாம் ‘அணியைவிடப் பெரியவர் யாருமில்லை’ என்ற வாசகம் விளையாட்டுப் பக்கங்களில் தவறாமல் வந்துவிடுகிறது. மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சியாளரோ தேர்வுக்குழுத் தலைவரோ உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது. பேட்ஸ்மேன் கெவின் பீட்டர்சன் விவகாரத்தை இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 2012-இல் ஒரு விதமாகவும் 2014-இல் வேறு விதமாகவும் கையாண்டது. ஆள் அதே ஆள்தான். முதல் முறை காரியம் கைகூடியது; இரண்டாம் முறை ஒன்றேகால் ஆண்டு இழுத்து நாறியது. ஏன் என்று பார்த்தால் நம் வாரியத்துக்கும் உதவும்.

2012-இல் நடந்தது ஒரே சண்டை அல்ல, மூன்று. முதலாவது, நாட்காட்டிச் சண்டை, அதாவது எந்த ஆட்டங்களை ஆடுவது, எவற்றை விடுவது என்பது. அந்த ஆண்டு மே 31 அன்று பீட்டர்சன் ஒருநாள் போட்டிகளிலிருந்து விலகினார். இருபது ஓவர் ஆட்டத்தில் தொடர அவருக்கு ஆசைதான். ஆனால் இரண்டில் ஒன்றை விட்டால் மற்றதையும் விட வேண்டும் என்பது வாரிய ஒப்பந்தத்தின் விதி. 2010 இருபது ஓவர் உலகக் கோப்பையின் தொடர் நாயகனை, இலங்கையில் அடுத்த உலகக் கோப்பைக்கு நான்கு மாதம் இருக்கும்போது அந்த விதி வெளியே நிறுத்தியது. இரண்டாவது, ஓய்வறைச் சண்டை. ட்விட்டரில் அவரைக் கிண்டலடித்து ஒரு போலிக் கணக்கு ஓடியது. சக வீரர்கள் சிலரே அதைப் பின்தொடர்ந்து ரசித்தது அவரைச் சுட்டது. மூன்றாவதுதான் நிஜமான குற்றம். கேப்டன் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸைப் பற்றித் தென்னாப்பிரிக்க வீரர்களுக்கு அவர் குறுஞ்செய்தி அனுப்பினார், அதுவும் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே.

ஹெடிங்லி டெஸ்டில் 149 அடித்துவிட்டு, இந்த ஓய்வறையில் நானாக இருப்பது கஷ்டம் என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் கொட்டித் தீர்த்தார். பிறகு ஆகஸ்ட் 11 அன்று யூடியூபில் ஒரு காணொளி: எல்லா வகை ஆட்டங்களுக்கும் தயார் என்றார். மறுநாளே லார்ட்ஸ் டெஸ்ட் அணியிலிருந்து நீக்கப்பட்டார். கவனியுங்கள், அவர் பதில் சொன்னது முதல் சண்டைக்கு. வாரியம் கேட்டுக்கொண்டிருந்தது மூன்றாவதற்கு. யார் எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று உட்கார்ந்து பிரிக்காவிட்டால் வீரர் ஒரு பக்கம் இறங்கி வருவார், நிர்வாகம் இன்னொரு பக்கம் கதவைச் சாத்தும்.

பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. நாட்காட்டிச் சண்டையை வாரிய மேலாளரும் வீரரின் முகவரும் பேசித் தீர்க்க வேண்டும். பயிற்சியாளரை அதில் இழுத்தால் வலைப்பயிற்சி வரை கசப்பு வந்து சேரும். போலிக் கணக்கு போன்ற விஷயத்தில் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டியது மற்ற வீரர்களைத்தான். நட்சத்திர வீரரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்று அணிக்குள் ஒருவராவது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் மன்னிப்புக் கேட்டாலும் அது நிற்காது. குறுஞ்செய்தி விவகாரத்துக்கு அறிக்கையோ வழக்கறிஞரோ தீர்வு ஆகாது. யாரைப் பற்றி எழுதினாரோ அவரிடமே நேரில் போய்ப் பேச வேண்டும்.

லார்ட்ஸில் பீட்டர்சனின் இடத்தில் வந்த ஜானி பேர்ஸ்டோ 95, 54 என்று நன்றாகவே ஆடினார். ஆனாலும் இங்கிலாந்து 51 ஓட்டங்களில் தோற்று, தொடரையும் டெஸ்ட் தரவரிசை முதலிடத்தையும் தென்னாப்பிரிக்காவிடம் இழந்தது. ஸ்ட்ராஸுக்கு அது 100-வது டெஸ்ட். அந்த மாதமே அவர் ஓய்வு பெற்றார்.

அதன் பிறகு வாரியம் செய்ததுதான் பாராட்டத்தக்கது. இலங்கையில் நடந்த உலகக் கோப்பைக்குப் பீட்டர்சனை எடுக்கவில்லை, தண்டனை உறைத்தது. அந்தப் போட்டி நடக்கையிலேயே, அக்டோபர் 3 அன்று கொழும்பில் வாரியத் தலைவரும் பீட்டர்சனும் சேர்ந்து உட்கார்ந்து உடன்பாட்டை அறிவித்தார்கள். நேராக ஆடும் பதினொருவரில் சேர்க்கவில்லை. குறுகிய கால ஒப்பந்தம். பயிற்சியாளர் ஆண்டி ஃபிளவர், புதிய கேப்டன் அலஸ்டர் குக், சக வீரர்கள் ஆகியோருடன் பேச்சு. அதற்குப் பிறகே இந்தியச் சுற்றுப்பயண அணியில் பெயர். அகமதாபாத்தில் 17, 2 என்று பிரக்யான் ஓஜாவின் சுழலில் இரண்டு முறையும் போல்டாகி, அணியும் ஒன்பது விக்கெட்டில் தோற்றபோது, ‘இதற்கா இவ்வளவு பாடு’ என்று தூக்கி எறியவில்லை. திரும்ப அழைத்த வீரருக்கு முதல் தோல்வியைத் தாண்டும் அவகாசம் தராவிட்டால் அழைத்ததற்கே அர்த்தமில்லை. அடுத்தது மும்பை வான்கடே. பந்து நன்றாகத் திரும்பிய ஆடுகளத்தில் அதே ஓஜாவையும் அஸ்வினையும் ஹர்பஜனையும் எதிர்த்து 233 பந்துகளில் 186. தொடர் 2-1 என்று அவர்கள் பக்கம் போனது. 1984-85-க்குப் பிறகு இங்கிலாந்து இங்கே வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. அந்த ஆட்டத்தைப் பார்த்த நமக்கு வயிறு எரிந்தது வேறு கதை.

2014-இல் இந்தப் படிகள் ஒன்றுகூட இல்லை. ஆஸ்திரேலியாவுடனான ஆஷஸ் டெஸ்ட் தொடரில் 5-0 என்று தோற்றார்கள். அதில் இங்கிலாந்துக்காக அதிக ஓட்டங்கள் (294) எடுத்தவர் பீட்டர்சன்தான். பிப்ரவரி 4 அன்று அவர் இனி அணித் திட்டத்தில் இல்லை என்றார்கள். எந்தச் செயலுக்காக, எவ்வளவு காலத்துக்கு, திரும்பி வர வழி உண்டா? எதற்கும் பதில் இல்லை. அக்டோபர் வரை இரு தரப்பும் வாய் திறக்கக் கூடாது என்று உடன்பாடு வேறு. காரணத்தைச் சொல்லாமல் மூடி வைத்தால் வதந்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கெடு முடிந்ததும் அவருடைய புத்தகம் வந்து எல்லாரையும் சந்திக்கு இழுத்தது. 2015 மார்ச்சில், வாரியத் தலைவராக வரவிருந்தவர் கவுண்டி (இங்கிலாந்தின் உள்ளூர்) ஆட்டங்களில் ஆடினால் பார்க்கலாம் என்பதுபோல் பேசினார். அதை நம்பி சர்ரேக்கு ஆடி ஆட்டமிழக்காமல் 355 அடித்தார் பீட்டர்சன். அதே வேளையில் புதிய இயக்குநர், வேறு யாருமல்ல ஸ்ட்ராஸ், நம்பிக்கை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வாரியம் இரண்டு வாயால் பேசக் கூடாது. நீக்கும் முடிவைவிட அந்த இழுபறிதான் அசிங்கம் என்பது என் கருத்து.

ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் விவகாரம் வேறு மாதிரி. 2008 ஆகஸ்டில் டார்வினில் அணிக் கூட்டத்துக்கு வராமல் மீன் பிடிக்கப் போனார். வங்கதேசத் தொடரிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குற்றம் தெளிவு, தண்டனை உடனடி, நவம்பரில் மீண்டும் டெஸ்ட் அணியில். இதுவரை சரி. ஆனால் நோய் வேறு இடத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் சிட்னி டெஸ்டில் ஹர்பஜனுடன் நடந்த தகராறில் வாரியம் தன் பின்னால் நிற்கவில்லை என்று அவர் புழுங்கிக்கொண்டிருந்தார். அதை யாரும் ஆற்றவில்லை. 2009-இல் இருபது ஓவர் உலகக் கோப்பைக்காகப் போன இடத்தில் குடி தொடர்பான கட்டுப்பாட்டை மீறியதும் மறுபடி திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவுக்கு அவர் அதன்பின் ஆடவில்லை. கூட்டத்துக்கு வராததை மட்டும் தண்டித்து, ஏன் வரவில்லை என்பதை விட்டால் இப்படித்தான் முடியும்.

தண்டனை அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு, 2013-இல் இந்தியா வந்த ஆஸ்திரேலிய அணியில் மொஹாலி டெஸ்டின்போது நடந்தது போதும். தோல்விக்குப் பிறகு ஆளுக்கு மூன்று யோசனைகள் எழுதித் தரச் சொன்னார் பயிற்சியாளர் மிக்கி ஆர்தர். தராத வாட்சன், ஜான்சன், பட்டின்சன், கவாஜா நால்வரையும் அந்த டெஸ்டிலிருந்து ஒதுக்கி வைத்தார். அடுத்த டெல்லி டெஸ்டில் கேப்டன் கிளார்க்குக்குக் காயம். அவருக்குப் பதில் கேப்டன் யார் என்றால், வாட்சன்! ஜூனில் ஆர்தரின் வேலையே போய்விட்டது.

நாட்காட்டிச் சண்டையை நாட்காட்டிச் சண்டையாகவே தீர்த்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். 2022 ஆகஸ்டில் டிரென்ட் போல்ட் கேட்டபடி அவரை மத்திய ஒப்பந்தத்திலிருந்து (வாரியம் வீரர்களுடன் போடும் ஆண்டு ஒப்பந்தம்) விடுவித்தார்கள். ஒப்பந்தம் உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்பதையும் சொல்லிவிட்டார்கள். அவர் லீக் ஆட்டங்களுக்கும் போனார், அந்த ஆண்டு உலகக் கோப்பையும் 2023-இல் இந்தியாவில் நடந்த உலகக் கோப்பையும் ஆடினார். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

நம் வாரியம் 2024 பிப்ரவரியில் ஷ்ரேயஸ் ஐயர், இஷான் கிஷன் இருவரையும் ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அறிக்கையில் இருந்தது, அவர்கள் பரிசீலிக்கப்படவில்லை என்ற ஒரு வரி. உள்ளூர் கிரிக்கெட்டுக்கு முன்னுரிமை தரும்படி எல்லாருக்கும் பொதுவாக இன்னொரு வரி. இரண்டுக்கும் உள்ள தொடர்பை வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. ஷ்ரேயஸ் மார்ச்சிலேயே தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி அரையிறுதியில் ஆடினார், விதர்பாவுடனான இறுதியில் 95 அடித்தார். இருவரும் ஒப்பந்தத்துக்குத் திரும்பியது 2025 ஏப்ரலில். 2025 ஜனவரியில் பயணம், குடும்பத்தினர் தங்கும் காலம், உள்ளூர் ஆட்டம் பற்றி வந்த பத்து அம்ச விதிகள் எல்லாருக்கும் ஒன்றே என்பது நல்ல விஷயம். ஆனால் மீறினால் எத்தனை நாள் விலக்கு, யாரிடம் முறையிடுவது, எதைச் செய்தால் திரும்பலாம் என்பதும் வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பட்டியலில் பெயர் விடுபடும் ஒவ்வொரு வீரருக்கும், என்ன காரணம், எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்ற இரண்டு வரிகளை முதலில் அவரிடமே நேரில் சொல்லிவிட்டு, பிறகு அறிக்கையிலும் வாரியம் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கிரிக்கெட் வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை.