பதிமூன்று மணி அடித்த ஊருக்கு

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே இருக்கும் வொர்ஸ்லியில் அன்று என் அப்பாவோடு இருந்த அனைவருக்கும் வணக்கம்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதித் தேவாலயத்தில் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு அது போதவில்லை. "தமிழில் எழுது. எனக்கு அவர்கள் செய்தது நம் ஊர்க்காரர்களுக்கும் தெரிய வேண்டும்" என்றார். அதனால்தான் இந்த மடல்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்கு வாசற்கதவு திறந்து கிடந்தது. அப்பாவின் செருப்பைக் காணவில்லை. குளிருக்குப் போடும் கோட்டு மட்டும் ஆணியில் தொங்கியது. அவருக்கு வயது 78. இரண்டு ஆண்டுகளாக மறதி நோய். மாண்டனில் இருக்கும் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓடினோம். எக்கிள்ஸ் டிராம் நிலையம் வரை ஒருவர், கடைத்தெருவுக்கு ஒருவர். அவரோ தெருப் பக்கமே போகவில்லை. பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கரையைப் பிடித்துக்கொண்டு வொர்ஸ்லிக்கு நடந்துகொண்டிருந்தார்.

எனக்கு அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது கால்வாய்க் கரையைக் கண்காணிப்பவராக, வேலை பார்த்தவர் அவர். பட்டுக்கோட்டைப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கரையில் முப்பது ஆண்டுகள் நடந்த கால்கள் அவை. நண்டுவளை இருக்கிறதா, கரை கசிகிறதா, ஷட்டர் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பார். தண்ணீரைக் கண்டால் அவர் வேறு எங்கே போவார்?

இரண்டு நாய்களோடு வந்த சிவப்புக் கோட்டு அம்மாவுக்கு முதல் நன்றி. கோட்டு இல்லாமல் நடக்கும் ஒரு முதியவரைப் பார்த்தீர்கள். கையைப் பிடித்து நிறுத்தவில்லை. எங்கே போகிறாய் என்று அதட்டவில்லை. உங்கள் கழுத்துத் துணியை அவர் கழுத்தில் சுற்றிவிட்டு, அவர் வேகத்துக்கே கூட நடந்தீர்கள். சட்டைப்பையில் என் மகள் எழுதி வைத்திருந்த சீட்டைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். எல்லோரையும் அழைத்துக்கொண்டே இருந்ததால் என் தொலைபேசி ஓயாமல் பேச்சிலேயே இருந்தது. நீங்கள் விடாமல் முயன்றிருக்கிறீர்கள். அதன்பின் குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். "அவர் நலமாக இருக்கிறார்" என்பதுதான் அதில் முதல் வரி. அதை நான் அழிக்கவே மாட்டேன்.

பேக்கெட் ஹவுஸ் என்ற கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீட்டுக்கு எதிரே படகில் குடியிருக்கும் தம்பதிக்கு அடுத்த நன்றி. அவரைப் படகில் உட்காரவைத்துப் போர்வை போர்த்தித் தேநீர் கொடுத்தீர்கள். தகவல் சொன்னதும் என்னிடம் பொறுமையாகப் பேசிய காவல் துறையினருக்கும், தேவாலயத்தில் நாற்காலி தூக்கி வந்தவருக்கும் நன்றி.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று இருபது. அப்பா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் சொல்: "பாப்பா, இங்கே மணி பதிமூன்று அடிக்கிறது." பத்து விரலையும் காட்டி, பிறகு மூன்று விரலைக் காட்டினார்.

அவர் எதைச் சொன்னாலும் மறுக்க வேண்டாம், தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் "சரி அப்பா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அப்போது கைத்தடியோடு பக்கத்தில் நின்ற பெரியவர், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். தயக்கத்தோடு மொழிபெயர்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை, ஐயா. "அவர் சொல்வது சரிதான்" என்றீர்கள்.

நீங்கள் சொன்ன கதை இது: இன்று பசும்புல் விரிந்திருக்கும் வொர்ஸ்லியின் அந்த வெளி, ஒரு காலத்தில் இந்தக் கால்வாயை வெட்டுவித்த பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் பட்டறைகள் இரைந்த இடம். மதிய உணவுக்குப் போன தொழிலாளர்கள் தாமதமாகத் திரும்பியிருக்கிறார்கள். மணி ஒரே ஒரு முறை அடிப்பது காதில் விழவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்காகவே பிரபு, ஒரு மணிக்குப் பதிமூன்று அடிக்கும்படி கடிகாரத்தை மாற்றினாராம். அந்தக் கடிகாரம் இப்போது செயின்ட் மார்க் தேவாலயக் கோபுரத்தில் இருக்கிறது. இன்றும் ஒரு மணிக்குப் பதிமூன்றுதான். இத்தனை அருகில் குடியிருந்தும் எனக்கு இது தெரியாது. அப்பா ஒரே தடவையில் எண்ணிவிட்டார்.

அதன்பின் நீங்கள் இருவரும் பேசியதை நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். "கரையோடு வந்தேன், ஒரு மதகுகூட இல்லை, தண்ணீர் எப்படி நிற்கிறது?" என்று அப்பா கேட்டார். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மான்செஸ்டருக்குப் போகும் இந்தக் கால்வாய் முழுவதும் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டது, அதனால் அடைப்புக் கதவே தேவைப்படவில்லை என்றீர்கள். 1761 ஜூலையில் முதல் நிலக்கரிப் படகு பார்ட்டனில் ஆற்றுக்கு மேலே கட்டிய நீர்ப்பாலத்தைத் தாண்டிப் போனது. மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை பாதியாகக் குறைந்தது. தண்ணீர் ஏன் செம்மண் கரைத்ததுபோல் இருக்கிறது என்று அப்பா கேட்டார். டெல்ஃப் என்ற பாறைவெட்டுக்கு எங்களை அழைத்துப் போய், குன்றின் அடியில் இருக்கும் இரண்டு சுரங்க வாய்களைக் காட்டினீர்கள். உள்ளே சுரங்கத்துக்குள்ளேயே நான்கு மட்டங்களில் கால்வாய்கள், மொத்தம் 46 மைல். விலா எலும்புபோல் சட்டங்கள் தெரியும் ஒடுங்கிய படகுகளில் நிலக்கரி வெளியே வந்திருக்கிறது. பழைய சுரங்கங்களிலிருந்து வடியும் நீரில் இருக்கும் இரும்புதான் அந்த நிறம்.

"மலைக்குள்ளேயா தலைமதகு?" என்று அப்பா வியந்தார். நீங்கள் கைத்தடியால் ஈரமண்ணில் நான்கு மட்டங்களையும் வரைந்தீர்கள். அப்பா குனிந்து, பக்கத்திலேயே விரலால் காவிரியை வரைந்தார், கல்லணையை வரைந்தார், தான் நடந்த கரையை வரைந்தார். உங்கள் தந்தை மோஸ்லி காமன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று சொன்னபோது, அப்பா உங்கள் கையைப் பற்றிக்கொண்டார். எம்60 நெடுஞ்சாலையின் இரைச்சல் நம் மூவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் அந்த அரை மணி நேரத்தில் மாநகரம் எங்கோ தொலைவில் இருப்பதுபோல் இருந்தது.

ஐயா, இரண்டு ஆண்டுகளாக என் அப்பாவிடம் யாரும் "நீங்கள் சொல்வது சரி" என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. உண்மையாகவே அவர் சொல்வதைக் கேட்டு, அது சரி என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். வீடு திரும்பும் வழியில் அவர் கல்லணைக் கால்வாயைப் பற்றி ஓயாமல் பேசினார். ஆட்களின் பெயர்கள், ஷட்டர்களின் எண்கள், ஒரு ஐப்பசி இரவில் கரை உடைந்தபோது மணல்மூட்டை அடுக்கியது, எல்லாம் வந்தன. மறுநாள் பாதி மறந்துவிட்டது. பதிமூன்று மட்டும் மறக்கவில்லை.

படகுத் தம்பதிக்கு ஒரு செய்தி. உங்கள் பச்சை நிற ஃபிளாஸ்க் எங்களோடு வந்துவிட்டது. அப்பா அதைக் கழுவித் துடைத்து வாசலருகே வைத்திருக்கிறார். தினமும் எடுத்துப் பார்த்து, எப்போது கொடுக்கப் போகிறோம் என்று கேட்கிறார். வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறோம். ஒரு மணிக்கு முன்பே வந்துவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. இந்த முறை நானும் எண்ணுவேன்.