எஸ்எம்பி 1 வேண்டாம், ஐபி எண் போதும்

ஆசிரியருக்கு,

வீட்டில் ஒரு கணினி விண்டோஸ், இன்னொன்று லினக்ஸ், இரண்டுக்கும் இடையே கோப்புகளைப் பகிர வேண்டும் என்றால் விண்டோஸின் 'நெட்வொர்க்' பட்டியலில் லினக்ஸ் கணினி தெரியவில்லை என்ற புகார் எப்படியும் வந்துவிடும். கேட்டால் கிடைக்கும் ஆலோசனை: எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையை இயக்கு, வெளித் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணை. இரண்டுமே வேண்டாதவை, முதலாவது ஆபத்தானதும்கூட. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டே அதைக் கழற்றத் தொடங்கிவிட்டது.

முன்பு கணினிப் பெயர்களைத் திரட்டிக் காட்டிய வேலை எஸ்எம்பி 1-ஐ ஒட்டியே நடந்தது. இன்றைய விண்டோஸ் அதற்கு டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வேறு முறையை நம்புகிறது. லினக்ஸில் கோப்புகளைப் பகிரும் நிரலான சாம்பாவுக்கு அந்தப் பேச்சு தெரியாது. ஆள் வீட்டில்தான் இருக்கிறார், வாசலில் பெயர்ப்பலகை இல்லை, அவ்வளவுதான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல லினக்ஸ் கணினியின் ஐபி எண்ணை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதற்குரிய முகவரியை, அடித்தால் கோப்புறை திறக்கும். அந்த எண் மாறாதிருக்க ரூட்டரில் அதை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். பட்டியலிலும் தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் லினக்ஸில் டபிள்யூஎஸ்டிடி (wsdd) என்ற சிறு நிரலை நிறுவிக்கொள்ளலாம்.

ஃபயர்வால் அப்படியே இருக்கட்டும். விண்டோஸில் வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் அந்தக் கணினியிலிருந்து பகிர்வது தடைபடலாம். அதை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். 'கெஸ்ட்' வைஃபையில் இணைந்த கணினிகளைப் பெரும்பாலான ரூட்டர்கள் ஒன்றையொன்று பார்க்கவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்த முட்டுக்கட்டை கடவுச்சொல். விண்டோஸில் உள்நுழையப் பயன்படும் பின் (PIN) எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது, நெட்வொர்க் வழியே செல்லாது. விண்டோஸில் பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லோடு தனி உள்ளூர்ப் பயனர் ஒருவரை உருவாக்குவது உத்தமம். லினக்ஸில் உள்நுழையும் கடவுச்சொல் வேறு, சாம்பாவின் கடவுச்சொல் வேறு. எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளையோடு மைனஸ் ஏ சேர்த்து (smbpasswd -a) பயனரைத் தனியாகப் பதிய வேண்டும். வீட்டில் ஆப்பிளின் மேக் கணினியும் இருந்தால், அதில் ஃபைல் ஷேரிங்கை இயக்கினால் மட்டும் போதாது. அதன் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில், விண்டோஸ் பகிர்வுக்கான பட்டியலில் பயனர் பெயருக்கு நேரே டிக் செய்ய வேண்டும். பலர் தவறவிடுவது இந்த ஒரு டிக்கைத்தான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. பழைய மேக் வட்டுமுறையான எச்எஃப்எஸ் பிளஸ், ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸுக்குப் பிரித்த 'கொ' வேறு, பிரிக்காத 'கொ' வேறு. எனவே, பழைய மேக் வட்டிலிருந்து நேரடியாக நகலெடுத்தால், கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் 'கொலு' கோப்புறை இரண்டு நிற்கலாம். ஒன்றை அழிக்குமுன் இரண்டையும் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்